பழைய லாரியின் பக்கக் கண்ணாடிக்குச் சூடு: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

பழைய லாரியின் பக்கக் கண்ணாடிக்குச் சூடேற்றும் தகடு வைக்கலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: விடியற்காலை ஐந்து மணிக்கு உங்கள் வண்டி எந்த ஊரில் இருக்கும்?

கேரள-தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலை, அமரவிளை, உதியன்குளங்கரை என்றால் ஒரு முடிவு. மூணாறு, வயநாடு, ஊட்டி என்றால் வேறு முடிவு. ரப்பர் தடி ஏற்றிக்கொண்டு எம்.சி. ரோடு வழியாகப் பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிகளுக்குப் போகிற வண்டி என்றால் இரண்டுக்கும் நடுவில் யோசிக்க வேண்டும். எவ்வளவு மழை பெய்கிறது என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி. தென்மேற்குப் பருவத்து இடவப்பாதி மழையிலும் வடகிழக்குப் பருவத்துத் துலாவர்ஷத்திலும் பின்னால் வருவது தெரியாமல் தவித்தவர்கள், அந்த மழைக்காகவே சூடு வைக்கப் போகிறார்கள். கொட்டுகிற மழையை அந்தச் சூடு ஒன்றும் செய்யாது. பனியையும் நீராவிப் படலத்தையும்தான் அது விரட்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது விளங்கும். லாரிக் கண்ணாடி ஒன்று 35 சென்டிமீட்டர் நீளமும் 18 சென்டிமீட்டர் அகலமும் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 630 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தண்ணீர் நின்றால் 6 கிராமுக்குச் சற்று மேல். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். 20 வாட் தகடு நொடிக்கு 20 ஜூல்தான் தரும். ஆக ஒரு கிராமுக்கு இரண்டு நிமிடம். துளி வெப்பம்கூட வீணாகாமல் தண்ணீருக்கே போனாலும் அந்த 6 கிராம் காய 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் எத்தனை முறை மழை அடித்திருக்கும், முன்னால் போகிற பஸ் எத்தனை முறை சேற்றுத் தண்ணீரை வாரி இறைத்திருக்கும்!

பனி விஷயம் வேறு. இரவெல்லாம் வெளியில் நின்ற வண்டியின் கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோவதால்தான் அதில் பனி படிகிறது. படிவது மிக மெல்லிய படலம். ஒரு கிராம்கூட இருக்காது. இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள அந்தக் கண்ணாடியின் எடை 300 கிராம் சொச்சம். அதை 10 டிகிரி சூடாக்க 20 வாட் தகட்டுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் போதும். வீணாகிற வெப்பத்தையும் சேர்த்துக்கொண்டாலும், என்ஜினை ஸ்டார்ட் செய்து காற்றழுத்தம் ஏறும் நேரத்துக்குள் கண்ணாடி தெளிந்துவிடும். அதைவிட முக்கியம், காற்றைவிடச் சூடாக இருக்கும் வரை அதில் மறுபடி பனி படியாது. துணியால் துடைத்துவிட்டு மலையேறினால் அடுத்த வளைவிலேயே மறுபடி மங்கும். சூடான கண்ணாடி அப்படி மங்குவதில்லை. ஜனவரியில் மூணாறுப் பகுதியில் உறைபனி விழும் நாட்களில் துணியே பயன்படாது, ஏனென்றால் கண்ணாடிமேல் இருப்பது தண்ணீர் இல்லை, ஐஸ்.

எனவே மலைக்குப் போகிற வண்டி, இரவோட்ட வண்டி, திறந்தவெளியில் நின்று விடியற்காலையில் கிளம்புகிற வண்டி ஆகியவற்றுக்குச் சூடு வைப்பது நியாயமான செலவு. குவாரியிலிருந்து கல்லும் எம் சாண்டும் ஏற்றிப் பகலில் ஓடுகிற வண்டிக்கு அதே பணத்தை வேறு வழியில் செலவழிப்பது நல்லது. அந்த வழிகளையே முதலில் பார்ப்போம், ஏனென்றால் இந்தப் பக்கத்து வண்டிகளில் பலவற்றுக்கு அதுவே போதும்.

முன்கண்ணாடியில் புகையிலையைத் தேய்க்கிற பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் நெடுங்காலமாக உண்டு. ஷாம்பு தேய்ப்பவர்களும் உண்டு. இதில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை. தேய்த்த கண்ணாடியில் தண்ணீர் மணி மணியாகத் திரளாமல் படர்ந்து வழிகிறது. படர்ந்த தண்ணீர் வழியே பார்வை ஓரளவு நேராக வரும், முத்து முத்தாக நின்றால் ஒவ்வொரு முத்தும் பின்வண்டியின் விளக்கை ஆளுக்கொரு பக்கமாகச் சிதறடிக்கும். இன்று கடையில் கிடைக்கும் ஒட்டுத்தாள்களிலும் பூச்சுகளிலும் இரண்டு இனம் உண்டு. ஒன்று தண்ணீரை உருட்டித் தள்ளுவது, மற்றது தண்ணீரைப் பரப்புவது. முன்கண்ணாடிக்கு உருட்டித் தள்ளுவது நல்லது. ஓடும் வேகக் காற்று துளிகளை மேலே தள்ளிக்கொண்டு போய்விடும். பக்கக் கண்ணாடியின் முகம் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. அங்கே நேர்க்காற்று கிடையாது; கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் சுழல்கிற காற்றுதான் ஈரத்தை இழுத்துக்கொண்டுவந்து அதன்மேல் பூசுகிறது. உருண்ட துளி உருண்டபடியே உட்கார்ந்திருக்கும். ஆகவே பக்கக் கண்ணாடிக்குத் தண்ணீரைப் பரப்புகிற தாளை வாங்குங்கள். அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் கடையிலேயே ஒரு துளித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். படர்ந்தால் எடுங்கள், குமிழ்த்தால் வேண்டாம். எந்தத் தாளானாலும் வெயிலிலும் தூசியிலும் அதன் குணம் சில மாதத்தில் போய்விடும். வருஷம் ஒரு முறை, மே மாதக் கடைசியில், புதிதாக ஒட்டுவதாகக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கண்ணாடிக் கூட்டின் மேல் விளிம்பில் வைக்கிற சின்ன மழைக் கூரை. மேலிருந்து விழுகிற மழையைப் பாதி தடுக்கும். சக்கரம் அடிக்கிற தண்ணீரைத் தடுக்காது. அதற்கு முன்சக்கர மட்கார்டும் அதன் ரப்பர் தொங்கலும் சரியாக இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் அந்தத் தொங்கல் கிழிந்து பாதிதான் இருக்கும். கண்ணாடிக்குப் பணம் செலவழிக்கப் போகிறவர் முதலில் அதை மாற்றட்டும்.

ஏ.சி. இல்லாத கேபினில் கதவுக் கண்ணாடியும் ஒரு சிக்கல். மழையில் அதை ஏற்றிவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரத்தில் உள்பக்கம் மங்கும். பக்கக் கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மங்கிய கதவுக் கண்ணாடி வழியே அது தெரியாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம், ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிக்கு அந்த விதி இல்லை. எனவே இரண்டு விரல் அளவு கண்ணாடியை இறக்கி வைத்து, உள்பக்கம் பனி தடுக்கும் திரவத்தைத் தேய்த்துக்கொள்வதுதான் வழி. சூட்டுத் தகடு வைத்தும் பலன் இல்லை என்று குறைப்படுகிறவர்கள் முதலில் இந்தக் கதவுக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும்.

இனி சூடு வைப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு. மூன்று வகையில் வைக்கலாம்.

முழுக் கண்ணாடிக் கூட்டையே சூட்டோடு வாங்கி மாட்டுவது முதல் வகை. குளிர்நாடுகளுக்கென்று கட்டப்படும் லாரிகளில் சூடான கண்ணாடி வழக்கமான ஒன்று. அந்த வகைக் கூடுகள் இங்கும் கிடைக்கும். பார்க்க லட்சணமாக இருக்கும், வயர் உள்ளேயே ஓடும். ஆனால் பழைய டாடா, லேலண்ட் வண்டிகளின் இரும்புக் குழாய்க் கைக்கு அது பொருந்தாது. கையையும் மாற்ற வேண்டும். அதோடு நம் சாலைகளை நினைத்துப் பாருங்கள். களியக்காவிளைச் சந்தைப் பக்கமும் மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குக் கீழேயும் எதிரெதிரே வரும் பெரிய வண்டிகளின் கண்ணாடிகள் உரசாமல் ஒரு வருஷம் தப்பினால் அதிர்ஷ்டம். உடைந்துபோகிற இடத்தில் இருக்கும் பொருளுக்கு விலை கூடினால் அது வீண். இந்த வகையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சூட்டுக் கம்பி பதித்த கண்ணாடியை மட்டும் வாங்கிப் பழைய கூட்டில் மாட்டுவது இரண்டாம் வகை. அளவு சரியாகக் கிடைத்தால் சிறந்தது. கிடைப்பதில்தான் கஷ்டம். பழைய மாடல்களின் கூடு ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. வெட்டிப் பொருத்தவும் முடியாது, வெட்டினால் கம்பி அறுந்துவிடும்.

மூன்றாவது, பின்னால் ஒட்டுகிற தகடு. காகிதம்போல் மெல்லிய தாளில் சூட்டுக் கம்பி ஓடும்; ஒரு பக்கம் பசை. உங்கள் பழைய கண்ணாடியின் முதுகில் ஒட்டி, கூட்டுக்குள் திரும்ப வைத்துவிடலாம். கண்ணாடி உடைந்தால் நஷ்டம் குறைவு, வயரிங் அப்படியே இருக்கும். எல்லைப் பக்கத்துப் பழைய வண்டிகளுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஒட்டுகிற வேலையில் அவசரம் கூடாது. கூட்டைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல், வெந்நீர் ஊற்றி இளக்கிக் கையால் உரியுங்கள். கண்ணாடியை வெளியே எடுத்தால் முதுகில் சாம்பல் நிறப் பெயின்ட் தெரியும். அதன் அடியில்தான் ரசம். பீடிங்கின் கீழ்ப்பக்கம் வருஷக்கணக்கில் தண்ணீர் தங்கி அந்தப் பெயின்ட் கொப்பளித்து, ரசம் கறுத்து ஓரத்தில் ஒரு கோடாக ஏறியிருக்கும். அந்தக் கோடு ஒரு விரல் அகலத்துக்கு மேல் ஏறியிருந்தால் அந்தக் கண்ணாடியை விட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். தகடு ஒட்டிய பின் மாற்றினால் தகடும் போய்விடும். நல்லதாக இருந்தால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தள்ளித் தள்ளி ஒட்டுங்கள். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் அந்த இடத்துச் சூடு கண்ணாடிக்குப் போகாமல் தகட்டிலேயே தேங்கும்; தகடு கருகும், சில நேரம் கண்ணாடி விரியும். கூட்டின் அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளை இருக்கிறதா பாருங்கள். பெயின்டால் அடைந்திருந்தால் திறந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது வோல்ட்டில். கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கும். சிறிய வண்டிகளில் 12 வோல்ட் உண்டு. கடைகளில் சுலபமாகக் கிடைப்பதோ காருக்கான 12 வோல்ட் தகடு. அதை 24 வோல்ட்டில் கொடுத்தால் சூடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. 20 வாட் தகடு 80 வாட்டாக எரியும். கண்ணாடி விரிந்தால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டியதுதான், ஏனென்றால் பழைய வண்டிகளில் பலவற்றின் கேபின் பட்டறையில் மரச்சட்டத்தில் கட்டியது, எளிதில் தீப்பிடிக்கும். மறுபக்கம், 24 வோல்ட் தகட்டை 12 வோல்ட்டில் கொடுத்தால் கால்வாசிச் சூடு, 5 வாட், இருந்தும் இல்லாததுதான்.

தகட்டின் மேல் அச்சிட்ட எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பாருங்கள். 20 வாட் தகடு என்றால் 24 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 29 ஓம் காட்டும், 12 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 7 ஓம். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரரும் ஏமாற மாட்டார், நீங்களும் ஏமாற மாட்டீர்கள்.

24 வோல்ட் தகடு கிடைக்கவில்லை என்று சொல்லி, பட்டறை ஆசான் இரண்டு உபாயம் சொல்லக்கூடும். ஒன்று, இரண்டு 12 வோல்ட் தகடுகளைத் தொடராக இணைப்பது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வாட் என்றால் இது சரியாக வேலை செய்யும். ஒன்று போனால் இரண்டும் நிற்கும் என்ற குறை மட்டும் உண்டு. இன்னொன்று, ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் டேப் எடுப்பது. பாட்டுப் பெட்டிக்கு அப்படி எடுப்பது லாரிகளில் சாதாரணம். கண்ணாடிக்கு வேண்டாம். ஒரு பேட்டரி மட்டும் தினமும் இறங்கும், சார்ஜ் ஏறும்போது மற்றது அளவுக்கு மீறி ஏறும். கொஞ்ச நாளில் இரண்டுமே பாழ்.

கரண்ட் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு கண்ணாடிக்கும் சேர்த்து 40 வாட். 24 வோல்ட் லாரியின் இரண்டு ஹாலஜன் ஹெட்லைட் பல்பும் லோ பீமில் 140 வாட் தின்கின்றன. ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தால் இதை உணராது. ஆனால் வண்டி நின்றபின் அணைக்க மறந்தால், இரவு பத்து மணி நேரத்தில் பேட்டரியிலிருந்து 17 ஆம்பியர் மணி போகும். பழைய பேட்டரி காலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றத் திணறும். எனவே சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற இடத்திலிருந்து ரிலேக்குக் கட்டளை கொடுங்கள். ரிலேயில் 30-க்கு பேட்டரி, 87-க்குத் தகடு, 85-லும் 86-லும் ஒன்று எர்த், மற்றது சாவி வழியே ஸ்விட்சிலிருந்து வருவது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், 24 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு 5 ஆம்பியர். ஃபியூஸைக் கேபினுக்குள் வசதியாக வைத்தால் பேட்டரியிலிருந்து அதுவரை ஓடுகிற வயருக்குப் பாதுகாப்பு இல்லை. பத்து நிமிடத்தில் தானாக அணைகிற டைமர் ரிலே கிடைத்தால் அதையே வாங்குங்கள். சூடு ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் தானே நின்றுகொள்கிற தகடு கிடைத்தால் இன்னும் நல்லது.

எர்த்தைக் கண்ணாடிக் கையின் போல்ட்டில் கொடுக்க எந்த எலக்ட்ரீஷியனுக்கும் ஆசை வரும். ஒரு வயர் மிச்சம். பூவாறு, பொழியூர் பக்கம் கடற்காற்றில் நிற்கிற வண்டியின் போல்ட் எவ்வளவு நாள் துருப்பிடிக்காமல் இருக்கும்? எர்த்துக்கும் தனி வயர் இழுத்து சேஸிஸில் சுரண்டிய இடத்தில் முடியுங்கள், மேலே வாசலின் தடவுங்கள். கண்ணாடிக் கை கேபின் முகத்தில் பொருத்தியதா, கதவில் பொருத்தியதா என்பதும் முக்கியம். கேபின் முகத்தில் இருந்தால் வயர் அசையாது, காலத்துக்கும் நிற்கும். கதவில் இருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கீல் பக்கத்தில் வயர் மடங்கும். ரப்பர் குழாய் போட்டு, கொஞ்சம் தொய்வு விட்டு இழுக்காவிட்டால் ஆறு மாதத்தில் உள்ளே அறுந்துபோகும்.

ஒரு கண்ணாடிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இடது கண்ணாடிக்கு வையுங்கள். வலது கண்ணாடியை ஓட்டுநர் கையை நீட்டித் துடைத்துக்கொள்ளலாம். இடது கண்ணாடியை முன்பு கிளீனர் துடைத்தார். இப்போது பல வண்டிகள் கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக ஓடுகின்றன. நின்று, இறங்கி, சுற்றிப் போய்த் துடைத்துவிட்டு வர யாருக்கும் நேரமில்லை. அமரவிளைப் பாலத்திலும் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிச் சந்திப்பு போன்ற நெருக்கடியான இடங்களிலும் இருசக்கர வண்டிகள் இடப்பக்கமாக நுழைந்து வருகின்றன. லாரியின் பின்சக்கரத்துக்கு அருகில் அவை இருப்பதை ஓட்டுநருக்குக் காட்டுவது அந்த ஒரு கண்ணாடி மட்டுமே. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இந்த வழியாக லாரி ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வதன் கனம் தெரியும். அதே காரணத்துக்காக, சூடு வைக்கிறேன் என்று இடது கண்ணாடியைச் சிறியதாகவோ, வளைவு வேறான கண்ணாடியாகவோ மாற்றிவிடாதீர்கள். வெளிப்பக்கம் குவிந்த கண்ணாடியில் வளைவு கூடக் கூடப் பின்னால் வருவது தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். பழகிய கண்ணுக்கு அது பெரிய ஆபத்து.

சட்டப் பக்கம் இரண்டு வார்த்தை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போய், நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வண்டிகளும் பட்டறைகளும் அந்த எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை. மார்த்தாண்டத்தில் வேலை செய்த நெய்யாற்றின்கரைப் பதிவு கே.எல். 20 வண்டியும், நெய்யாற்றின்கரையில் வேலை செய்த மார்த்தாண்டம் பதிவு டி.என். 75 வண்டியும் ஒரே சட்டப்படி தகுதிச் சான்று டெஸ்டுக்கு நிற்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பழைய கண்ணாடியின் முதுகில் தகடு ஒட்டுவதால் வண்டியின் வடிவமோ அளவோ மாறுவதில்லை. முழுக் கூட்டையும் மாற்றுகிறவர் ஏ.ஐ.எஸ். 001 தர முத்திரை உள்ள கண்ணாடியாகப் பார்த்து வாங்கட்டும். கூடு பழையதைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. எட்டு வருஷத்துக்கு மேலான வண்டிக்கு வருஷந்தோறும் டெஸ்ட் என்பதால், தொங்குகிற வயரும் டேப் சுற்றிய இணைப்பும் அங்கே கண்ணில் படும். வயரை நெளிகுழாயில் விட்டு, கையோடு சேர்த்துக் கிளிப் போட்டுவிட்டால் கேள்வி வராது.

வைத்தபின் வருஷத்தில் இரண்டு முறை சோதித்தால் போதும்: மே கடைசியில் ஒரு முறை, மலைப்பனி தொடங்குமுன் நவம்பரில் ஒரு முறை. ஸ்விட்சைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்துப் புறங்கையைக் கண்ணாடியில் வையுங்கள். முழுதும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே தகடு உரிந்திருக்கிறது, உடனே ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுங்கள். எங்கும் சூடே இல்லையென்றால் தகட்டைக் குறை சொல்லுமுன் கீல் பக்கத்து வயரைப் பாருங்கள்.